ரைடுக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால்

நீண்டதூர சைக்கிள் ரைடு அறிவிப்பு எதை எடுத்தாலும் தூரம், மெடல், டீஷர்ட் மூன்றும் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ரைடு தேறுமா என்பதை இந்த மூன்றும் சொல்லாது, பாதையை ஊர் ஊராகக் குறிக்கும் ரூட் ஷீட்தான் சொல்லும். எந்த ஊரை எத்தனை மணிக்குக் கடக்க வேண்டும், அந்த நேரத்தில் அங்கே காற்றும் வெயிலும் எப்படி, கடை திறந்திருக்குமா என்று பென்சிலும் தாளுமாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ரைடுக்கு ஒரு வாரம் இருக்கும்போதும் ரூட் ஷீட்டோ, பாதையை மேப்பில் திறந்து பார்க்க உதவும் ஜிபிஎக்ஸ் ஃபைலோ தராதவர்களிடம் பணம் கட்டாதீர்கள். பாதை இன்னும் முடிவாகவில்லை, அல்லது அதில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

முதலில், இது எந்த வகை?

கொங்குப் பக்கம் நடக்கும் நீண்டதூர ரைடுகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று பிஆர்எம் எனப்படும் பிரெவே. பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி நடப்பது. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் பொறுப்பு. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று காலக்கெடு. இது பந்தயமல்ல, முதலில் வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் வருகையைப் பதியும் கன்ட்ரோல் பாயின்ட்டுக்கு வெளியே துணை வண்டி கூடாது. சாப்பாடு, பங்க்சர், வழி எல்லாம் அவரவர் பொறுப்பு. ஆகவே ஆம்புலன்ஸ் இல்லை, வழியில் தண்ணீர் தரவில்லை என்று பிரெவேயைக் குறை சொல்வது நியாயமில்லை. அது அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை.

இன்னொன்று கட்டணம் வாங்கி நடத்தும் ரைடு. இதில் உணவு, மெக்கானிக், பின்னால் வரும் வண்டி, முதலுதவி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம். கட்டணத்திலிருந்து டீஷர்ட், மெடல், பை மூன்றின் விலையையும் கழித்துவிட்டு மீதித் தொகை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். "சப்போர்ட் இருக்குங்க" என்பது பதிலாகாது. எத்தனை வண்டி, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில், எத்தனை மணி வரை என்பதுதான் பதில்.

இரண்டு வகைக்கும் பொதுவாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கடைசியா வர்றவங்களுக்கு என்னங்க ஏற்பாடு?" முன்னால் பறக்கும் பத்துப் பேரை எந்த அமைப்பாளரும் நன்றாகவே கவனித்துக்கொள்வார். காலக்கெடுவுக்குப் பத்து நிமிடம் முன்னால் வருபவருக்கும் கன்ட்ரோலில் ஆள் இருப்பாரா, சாப்பாடு மிச்சம் இருக்குமா, பாதியில் விலகினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் யோசியுங்கள். போன வருடம் கடைசியில் வந்த ஒருவரிடம் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

இலக்கு பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ரைடு என்றால் குழப்பமே வேண்டாம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, 1,200 கி.மீ., கடந்த முறை 2023, அடுத்தது 2027. அதற்குத் தகுதி பெற அங்கீகாரம் பெற்ற பிரெவேக்கள்தான் கணக்கு. மற்ற ரைடுகளின் சான்றிதழ் சுவரில் மாட்ட மட்டும் உதவும்.

காற்றைக் கணக்கில் சேருங்கள்

நம் ஊர் ரைடுகளில் ஏமாறும் இடம் இதுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. வைகாசி பிறந்ததிலிருந்து ஆவணி, புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசும். அத்தனை காற்றாலைகளை அங்கே நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உங்கள் ஆவரேஜ் வேகம் பறந்துவிடும்.

ஆடி மாத 200 கி.மீ. ரைடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோவையில் காலை 6 மணிக்குக் கிளம்பி, பல்லடம், தாராபுரம் தாண்டி, 100-வது கிலோமீட்டரில் திரும்பி அதே வழியில் வர வேண்டும். வழக்கமாக 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர், 10 மணி நேரத்தில் முடித்துவிடலாம், மூன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைப்பார். நடப்பது வேறு. போகும்போது காற்று முதுகில் தள்ளும், 25 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரத்தில், காலை 10 மணிக்கே திரும்பும் இடம் வந்துவிடும். அப்போது படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடத் தோன்றும். திரும்பினால் எதிர்காற்று. வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். வேகம் 14-க்கு இறங்கும். 100 கி.மீ.க்கு 7 மணி 9 நிமிடம். ஓட்டும் நேரம் மட்டும் 11 மணி 9 நிமிடம். சாப்பாடு, டீ, கன்ட்ரோல் எல்லாம் சேர்த்து 2 மணி. மிச்சம் 21 நிமிடம். ஒரு பங்க்சருக்குக்கூடக் காணாது.

இதே தூரத்தை, இதே காற்றில், திருப்பிப் போட்டுப் பாருங்கள். தாராபுரம் பக்கமிருந்து கிளம்பி, காற்று அடங்கியிருக்கும் காலை நேரத்தில் மேற்கே பொள்ளாச்சிப் பக்கம் 18 கி.மீ. வேகத்தில் போனால் 5 மணி 33 நிமிடம். மதியம் காற்றோடு 25-ல் திரும்பினால் 4 மணி. மொத்தம் 9 மணி 33 நிமிடம்தான். இதைக் கணக்குப் போட்டுப் பாதை வகுத்த அமைப்பாளர் சைக்கிள் தெரிந்தவர். கோவையில் கிளம்பும் அந்த முதல் ரைடை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறிமாறி முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொள்ள மூன்று நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள் என்றால் போகலாம். தனியாகப் போவதானால் தை, மாசிக்குத் தள்ளி வையுங்கள். அப்போது காற்று கிழக்கிலிருந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம், கணக்கு தலைகீழாகும்.

ஓட்டும்போது காற்றைத் தெரிந்துகொள்ள ஃபோன் தேவையில்லை. எதிரே தெரியும் காற்றாலை உங்களுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிர்காற்று. முகத்தைக் காட்டினால் காற்று மகராசி உங்களை முன்னே தள்ளுகிறாள்.

ஏற்றமும் கியரும்

மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து, தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குள் என்றால் சமதளம். 10 வந்தால் மேடுபள்ளம். சமதளத்தில் பழகியவருக்கு நேரம் இழுக்கும். 15-ஐத் தாண்டினால் அது மலை ரைடு, தனியாகத் தயாராக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ.; ஏற வேண்டியது ஏறத்தாழ 1,450 மீட்டர். ஓரளவு பழக்கமுள்ளவர் மணிக்கு 500, 600 மீட்டர் உயரம் ஏறுவார். ஆக இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம், நிற்காமல். உங்கள் சைக்கிளின் மிக லேசான கியர் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே 9 கி.மீ. வேகத்துக்கு மேல் போயாக வேண்டும். அதற்கான பலம் காலில் இல்லையென்றால் மிதி கனத்து முழங்கால் வலிக்கும். பின்னால் 32 பல் வரை உள்ள கேசட் (பல்சக்கர அடுக்கு) போட்டால் அதே சுற்றில் 8 கி.மீ. போதும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அங்கே போகும் ரைடுக்குப் பேர் கொடுப்பதற்கு முன் கேசட்டை மாற்றுங்கள், மெடலைப் பிறகு பார்க்கலாம். இறக்கத்தில் ரிம் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளையும்போது விட்டுவிட வேண்டும்.

மலை ரைடில் இன்னொன்றையும் பாருங்கள். கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். மே மாதம் கோத்தகிரி வழியாக ஏறச் சொல்லும் ரைடு, இறங்கும் கூட்டத்துக்கு எதிரே உங்களை அனுப்புகிறது. பண்ணாரி–திம்பம் சாலையில் 27 வளைவும் புலிகள் காப்பகமும் இருக்கின்றன. இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. வண்டிகளை விட்டாலும் விடாவிட்டாலும் யானை அங்கேதான் இருக்கும். பண்ணாரியையோ மேட்டுப்பாளையம் பக்கத்துக் கல்லாறையோ இருட்டில் கடக்க வைக்கும் ரூட் ஷீட்டைப் பார்த்ததும் மூடி வைத்துவிடலாம்.

நாள், நேரம், கடை

பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் மதியம் 12-லிருந்து 4 வரை வெயில் மண்டையைப் பிளக்கும். காலை 4 மணிக்குக் கிளம்பும் ரைடு என்றால் பார்க்கலாம். 6 மணி, 7 மணிக் கொடியசைப்பு, விருந்தினர் பேச்சு என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருந்தால் குளிரூட்டிய மேடை அவர்களுக்கு, தார் ரோடு உங்களுக்கு. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் காங்கேயம், தாராபுரம், உடுமலையிலிருந்து பழனி போகும் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் ஓரம் முழுக்க நடக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடி வரும். அன்னதானம் தாராளமாகக் கிடைக்கும், வேகம் கிடைக்காது.

ஜிபிஎக்ஸ் ஃபைலை மேப்பில் திறந்து, 25 கி.மீ.க்கு ஒரு இடமாவது தண்ணீர் கிடைக்கிறதா பாருங்கள். நம் பக்கம் டீ என்றாலே பேக்கரிதான். பெரிய ரோட்டில் கவலையில்லை. தாராபுரத்துக்கு அப்பால் உள்வழிச் சாலைகளில் ஞாயிறு மதியம் ஷட்டர் இறங்கிக் கிடக்கும். வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும், வாந்தி வரும். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கலக்குங்கள், பாதித் தண்ணீரில் கொட்டாதீர்கள். உப்புப் போட்ட மோரும் கம்மங்கூழும் நல்லது. பொள்ளாச்சிப் பக்கம் இளநீர் எங்கும் உண்டு, ஆனால் அதில் சோடியம் குறைவு என்பதால் அது மட்டும் போதாது. சாப்பாடு மணிக்கு 40-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து: நடுத்தர வாழைப்பழத்தில் 20-லிருந்து 25 கிராம் வரும், அப்படியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

300 கி.மீ.க்கு மேல் என்றால் இரவு நிச்சயம். மாலை ஆறரையிலிருந்து காலை ஆறு வரை பதினொன்றரை மணி நேரம். உங்கள் முன்விளக்கு முழு வெளிச்சத்தில் எத்தனை மணி எரியும் என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் அணைந்தால் இன்னொரு விளக்கு வேண்டும், அல்லது பவர் பேங்க். கிராமத்து வேகத்தடைகள் பலவற்றுக்கு வெள்ளைக் கோடு இருக்காது. மங்கலான விளக்கில் மேலே ஏறிய பிறகுதான் தெரியும்.

பங்க்சர்: இரண்டாவது டியூபும் ஏன் போகிறது

நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டச் சொல்லும் ரைடு என்றால் இதைத் தெரிந்துகொண்டே போங்கள். வெடித்த லாரி டயர்களிலிருந்து முடிபோன்ற எஃகுக் கம்பி உதிர்ந்து ஓரத்தில் கிடக்கும். அது டயரைக் குத்தி உள்ளே ஒரு மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றினால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். டியூபைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்தை டயரில் நினைவு வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து டியூபில் ஓட்டை எங்கே என்று கண்டு, அதே தூரத்தில் டயரின் உட்புறம் தேடுங்கள். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு துணியையோ பஞ்சையோ இழுத்தால் கம்பி இருக்குமிடத்தில் மாட்டும். நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கம்பிக்குப் பதில் வேலமுள். முறிந்து உள்ளேயே தங்கும், அதற்கும் இதே வேலைதான்.

ஊர்ப்புற சைக்கிள் கடைகளில் ரோட் பைக்குக்கான 700 சைஸ் டியூப் கிடைக்காது. இரண்டு டியூப், ஒட்டுத்துண்டு, பம்ப், மெலிந்த வால்வுக்கு மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்று கட்டாயம். அடாப்டர் இருந்தால் எந்த லாரி பங்க்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம்.

நீங்கள் தயாரா

கடைசி இரண்டு மாதத்தில், ரைடின் தூரத்தில் அறுபது சதவீதத்தை ஒரே நாளில் ஓட்டியிருக்க வேண்டும். 200-க்கு 120 கி.மீ. அதுவும் ரைடு நடக்கும் அதே வெயில் நேரத்தில். அன்று கை மரத்துப்போனதோ, சீட் தோலை உரித்ததோ ரைடன்று தானாகச் சரியாகாது. முதலில் சீட் உயரத்தையும் ஹேண்டிலையும் பாருங்கள்.

விலகினால் வீடு வந்து சேரும் வழியையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, உடுமலையில் ரயில் உண்டு, ஆனால் சைக்கிளைப் பார்சலில் போட நேரம் பிடிக்கும். காங்கேயம், தாராபுரம், கோபி, சத்தியமங்கலத்தில் ரயிலே கிடையாது. அங்கே ராத்திரி பத்து மணிக்கு மாட்டிக்கொண்டால் குட்டியானை எனும் சின்னச் சரக்கு வண்டிதான் கதி. அந்த ஊர்களில் வண்டி பிடித்துத் தரக்கூடிய சொந்தக்காரரோ நண்பரோ இருந்தால், கிளம்புவதற்கு முதல் நாளே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.