டிராம்போன் வாங்கும் முன் பெல்லின் உலோகத்தைக் கேட்டுப் பாருங்கள்

டிராம்போன் என்ற ஊதுகருவியின் விரிந்த முன்வாயைத்தான் பெல் என்கிறோம். பெரும்பாலும் அது பித்தளைதான், ஆனால் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும் அளவு மாறும். மஞ்சள் பித்தளையில் செம்பு ஏறக்குறைய 70 சதவீதம், துத்தநாகம் 30. கோல்டு பிராஸ் என்ற பித்தளை வகையில் செம்பு 85 வரை போகும். பெயரில்தான் தங்கம், உள்ளே துளியும் இல்லை.

மஞ்சள் பித்தளை பளிச்சென்று ஒலிக்கும், கூட்ட வாசிப்பிலும் தனித்துக் கேட்கும். செம்பு கூடினால் ஒலி கனிந்து, கொஞ்சம் அடர்த்தியாக வரும் என்பது வாசிப்பவர்கள் பலரின் அனுபவம். மெல்ல ஊதினால் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

அதனால் கடையில் பலமாகவும் ஊதிப் பாருங்கள். யமஹாவின் 882ஓ, 882ஜிஓ மாடல்கள் இரண்டும் ஒப்பிட நல்ல ஜோடி: முன்னது மஞ்சள் பித்தளை, பின்னது கோல்டு பிராஸ். இரண்டுக்கும் உங்களுடைய மவுத்பீஸையே (உதட்டில் வைத்து ஊதும் முனை) போடுங்கள். அதை மாற்றினால் வரும் வித்தியாசம், உலோகத்தால் வருவதைவிடப் பெரிதாகவே இருக்கும். அப்புறம், நண்பர் ஒருவரை இருபது அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். எது எந்தக் கருவி என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். ஊதுபவர் காதில் விழுவது வேறு, எதிரே நிற்பவருக்குக் கேட்பது வேறு. அவர் சொல்வதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெல் தகட்டின் கனத்தையும் விசாரியுங்கள். அதுவும் ஒலியை மாற்றும்.