வலையமைப்புத் தானியக்கத்தை நகலெடுப்பிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் சாங்கி வர்த்தகப் பூங்காவிலும் பெரிய வலையமைப்புகளைப் பராமரிக்கும் நம் பொறியாளர்கள் சிலர், தானியக்கம் என்றதும் சாதனங்களின் உள்ளமைவை, அதாவது அவை எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புகளை, மாற்றும் நிரல்களை எழுத முற்படுகிறார்கள். இது ஆபத்தான தொடக்கம். கையால் செய்யும் பிழை பெரும்பாலும், கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஒரு சுவிட்சோடு நின்றுவிடும். நிரலிலுள்ள பிழையோ சில நிமிடங்களில் நூறு சுவிட்சுகளுக்குப் பரவிவிடும்.

ஆகவே, முதலில் ஒவ்வோர் இரவும் எல்லாச் சாதனங்களின் உள்ளமைவையும் நகலெடுத்து, கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் சேமிக்கும் சிறு நிரலை எழுதுங்கள். தானியக்கக் கருவியான அன்சிபிள், பைத்தான் நிரல்மொழியின் நெட்மிகோ நூலகம் ஆகிய இரண்டுமே எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இணையக்கூடியவை என்பதால், சுவிட்சுகளிலும் ரூட்டர்களிலும் புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. நிரலுக்கென, தகவலைக் காட்டும் கட்டளைகளை மட்டும் இயக்கக்கூடிய தனிக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளமைவுக் கோப்புகளில் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் இருக்கும் என்பதால், களஞ்சியத்தை மிகச் சிலரே அணுக முடியுமாறு பூட்டிவைப்பது கட்டாயம்.

இதில் உண்மையான உழைப்பு நிரலில் இல்லை, சாதனப் பட்டியலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எந்த முகவரியில் எந்தச் சாதனம், எந்த மாடல், எந்த மென்பொருள் பதிப்பு என்பதைச் சரிபார்க்கும்போதே, எவரும் அறியாத பழைய சுவிட்சுகள் வெளிப்படும்.

மறுநாள் காலையில் புதிய நகலையும் அதற்கு முந்தைய இரவின் நகலையும் ஒப்பிட்டால் மாறிய வரிகள் தெரியும். தேதியும் நேரமும் அச்சாகும் வரிகளை முன்பே நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் மாறாத சாதனமும் மாறியதாகவே காட்டும். இது சில வாரங்கள் பிசகின்றி ஓடிய பிறகு, சாதனங்களின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருக்கும் என்டிபி சேவையகத்தின் முகவரியைத் திருத்துவது போன்ற சிறு மாற்றம் ஒன்றைச் சோதனைக்கூடச் சுவிட்சில் மட்டும் செய்து பாருங்கள்.