எல்லாம் தெரிந்த சிப்பாய்: அமெரிக்க உள்நாட்டுப் போரைக் கதையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1861 முதல் 1865 வரை வடக்கு மாநிலங்களும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரை வைத்துக் கதை எழுத இறங்குகிறவர்கள் தேதிகளில் அதிகம் சறுக்குவதில்லை. கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலை 1 முதல் 3 வரை நடந்தது என்பதை யாரும் மாற்றி எழுதுவதில்லை. சறுக்கல் சாதாரணச் சிப்பாயிடம்தான். அவன் என்ன தூக்கிக்கொண்டு நடந்தான், எதைத் தின்றான், அவன் கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிந்தது என்ற இடங்களில்தான் கதை வாசகனின் நம்பிக்கையை இழக்கிறது.

பெரிய தவறு, சிப்பாய்க்கு எல்லாம் தெரிந்திருப்பது. இடது பக்கம் எந்தப் படைப்பிரிவு நிற்கிறது, ஜெனரல் என்ன திட்டம் போட்டிருக்கிறார் என்று அவன் மனத்துக்குள் அலசிக்கொண்டே சுடுகிறான். நிஜத்தில் அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைய கரிமருந்து வெள்ளைப் புகையாகக் கக்கும். ஒரு ரெஜிமென்ட் (பல கம்பெனிகள் சேர்ந்த படைப்பிரிவு) சேர்ந்து இரண்டு வேட்டுப் போட்டாலே, காற்றில்லாத நாளில் எதிரே எதுவும் தெரியாது. எதிர்வரிசையில் பளிச்சிடும் நெருப்பைக் குறிவைத்துத்தான் பலர் சுட்டார்கள். தோளை உரசி நிற்பவன், பின்னால் கத்தும் சார்ஜென்ட், முரசுச் சத்தம், கொடி: அவன் உலகம் அவ்வளவுதான். கொடி எங்கே போகிறதோ அங்கேதான் ரெஜிமென்ட் இருக்கிறது. அதனால்தான் கொடி பிடித்தவனை முதலில் சுட்டார்கள், அவன் விழுந்ததும் இன்னொருவன் பாய்ந்து அதை எடுத்தான். இதை வெறும் வீம்பாக எழுதினால் காரணம் தொலைந்துபோகும்.

சண்டைகளின் பெயரையும் அவன் தன் தரப்பு வழங்கியபடிதான் சொல்வான். வடக்கத்தியர் ஓடையின் பெயரால் புல் ரன் என்றதைத் தெற்கத்தியர் பக்கத்து ரயில் சந்திப்பின் பெயரால் மனாசஸ் என்றார்கள். வடக்குக்கு ஆன்டீட்டம், தெற்குக்கு ஷார்ப்ஸ்பர்க். தெற்குச் சிப்பாய் ஒருவன் ‘ஆன்டீட்டத்துல என் தம்பி போயிட்டான்’ என்று பேசினால் அவன் வாயில் வேறொருவன் பேச்சு வந்துவிடுகிறது.

அடுத்தது துப்பாக்கி. எழுத்தாளர்கள் மிக அதிகமாகக் கோட்டை விடும் இடம் இது. விசையை அழுத்த அழுத்தத் தோட்டா பாய்வதுபோல எழுதிவிடுகிறார்கள். தொடர்ந்து சுடும் ஸ்பென்சர் போன்ற துப்பாக்கிகள் இருந்தன, ஆனால் அவை பெரும்பாலும் வடக்கின் குதிரைப்படையிடம் இருந்தன. காலாட்படைச் சிப்பாய் கையில் இருந்தது ஸ்பிரிங்ஃபீல்டு அல்லது இங்கிலாந்திலிருந்து வந்த என்ஃபீல்டு. இரண்டும் குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கிறவை. நம் ஊரில் 1857 கிளர்ச்சிக்குப் பொறி வைத்தது இந்த என்ஃபீல்டின் தோட்டாதான் என்று சொன்னால் தமிழ் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும்.

ஒரு வேட்டுக்கு அவன் செய்ய வேண்டியவை இவை. துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழல்வாய் மேலே இருக்கும்படி நிறுத்துகிறான். வலது இடுப்புப் பெட்டியிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்து, பல்லால் நுனியைக் கிழிக்கிறான். ஏறக்குறைய 4 கிராம் மருந்தைக் குழலுக்குள் கொட்டி, ஈயக் குண்டைக் கூர்முனை மேலாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறான். குழலுக்கு அடியில் செருகியிருக்கும் இரும்புக் கம்பியை உருவிக் குண்டை அடிவரை இடிக்கிறான். கம்பியை மறுபடி அதன் இடத்தில் செருகுகிறான். துப்பாக்கியைத் தூக்கி, அதன் குதிரை எனப்படும் சுத்தியைப் பாதி இழுத்து, சுத்தி அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்பில் பழையதைத் தட்டிவிட்டு, இடுப்புவாரின் சின்னப் பையிலிருந்து புதுக் கேப்பை எடுத்து வைக்கிறான். பிறகு குதிரையை முழுக்க இழுத்துக் குறிபார்த்துச் சுடுகிறான். நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு மூன்று வேட்டுப் போடுவான். பெட்டியில் இருப்பது 40 தோட்டா. அந்த வேகத்தில் சுட்டால் கால் மணிநேரம்கூட வராது, செத்தவனின் பெட்டியைத் துழாவ வேண்டியதுதான்.

ஒவ்வொரு படியிலும் கோளாறு வரும், கதைக்கு வேண்டிய சரக்கும் அங்கேதான் இருக்கிறது. பல்லால் கிழிக்கும்போது மருந்து வாயில் சிதறும். அதிலுள்ள வெடியுப்பு நாக்கை வறட்டும், உதட்டோரம் கரி படியும். சண்டையில் எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்று தவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இருபது வேட்டுக்கு மேல் போனால் குழலுக்குள் கசடு கட்டிக் குண்டு இறங்காது, கம்பியை மரத்தில் முட்டி அழுத்தினார்கள். பதற்றத்தில் கம்பியைக் குழலுக்குள்ளேயே விட்டுச் சுட்டவன் அதையும் சேர்த்து எதிரிக்கு அனுப்பிவிடுவான், அப்புறம் அவன் துப்பாக்கி வெறும் தடி. கேப்பை மறந்தவனுக்குத் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அந்த இரைச்சலில் தெரியாது. மேலே இன்னொரு தோட்டாவைக் கெட்டிப்பான். கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கி எடுத்த சுமார் 27,000 துப்பாக்கிகளில் ஏறக்குறைய 24,000 சுடப்படாமல் நிரப்பியபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் இருந்தன. அவன் நடுங்கினான் என்று மூன்று பத்தி எழுதுவதைவிட, ஐந்தாவது தோட்டாவை அவன் கம்பியால் இடிக்கும்போது கம்பி வழக்கத்தைவிட உயரமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டினால் போதும்.

‘ஏன் மடையர்கள்போல வரிசையில் நின்றார்கள், படுத்துச் சுட்டிருக்கலாமே’ என்று கதாபாத்திரத்தைக் கேட்க வைக்காதீர்கள். படுத்துச் சுட்டவர்களும் உண்டு. ஆனால் துப்பாக்கியின் நீளம் ஏறக்குறைய 142 சென்டிமீட்டர், படுத்துக்கொண்டே மருந்து கெட்டிக்க மல்லாக்கப் புரள வேண்டும். துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட் கத்தியால் மாறிமாறிக் குத்திக்கொள்ளும் காட்சியையும் குறையுங்கள். மருத்துவமனைப் பதிவுகளில் அந்தக் காயங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. முகாமில் அந்தக் கத்தியைத் தரையில் குத்தி, அதன் வளையத்தில் மெழுகுவத்தி நட்டுக் கடிதம் எழுதினார்கள்.

நாவல் முழுக்கச் சண்டையாக இருப்பதும் தவறே. செத்த சிப்பாய்களில் மூன்றில் இருவரைக் கொன்றது வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, தட்டம்மை, நிமோனியா போன்ற நோய்கள். ஒதுக்குப்புறக் கிராமங்களிலிருந்து வந்த பையன்களுக்குத் தட்டம்மை அதற்குமுன் வந்ததே இல்லை. ஒரு வேட்டுக்கூடப் போடாமல் முதல் முகாமிலேயே செத்துப்போனார்கள். கழிப்புக் குழிக்கும் குடிக்கும் ஓடைக்கும் எவ்வளவு தூரம் என்று உங்கள் முகாமில் முடிவுசெய்துவிட்டு எழுதுங்கள்.

கால் வெட்டும் காட்சியில் வாயில் குண்டைக் கடிக்கக் கொடுப்பது சினிமா விவகாரம். குளோரோஃபார்மும் ஈதரும் இருந்தன, பெரும்பாலான அறுவைகள் மயக்கம் கொடுத்தே நடந்தன. கொடுமை அதன்பிறகு வந்தது. கிருமியைப் பற்றி அறியாத காலம், ஒரே ஸ்பாஞ்சை அலசி அடுத்தவனுக்கும் துடைத்தார்கள்.

சாப்பாட்டில் இரு தரப்பையும் ஒன்றாக்காதீர்கள். வடக்குச் சிப்பாய்க்கு ஹார்ட்டாக் என்ற கல் பிஸ்கட், உப்புப் பன்றிக்கறி, நல்ல காப்பி. பிஸ்கட்டைக் கொதிக்கும் காப்பியில் போட்டு, மிதந்து வரும் வண்டுகளை வழித்து எறிந்துவிட்டுத் தின்றான். தெற்கில் மக்காச்சோள மாவுதான். வடக்கின் கடல் முற்றுகையால் காப்பி போனபின் வறுத்த ஓக் கொட்டையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் இடித்துக் குடித்தார்கள்.

பேச்சுமொழியில் தமிழுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ரெஜிமென்ட்டின் உட்பிரிவான ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே வட்டாரத்து ஆட்கள். காகிதத்தில் 100 பேர். தொடக்கத்தில் பல கம்பெனிகள் தங்கள் கேப்டனைத் தாங்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தன. நேற்றுவரை ‘வாடா’ என்று கூப்பிட்ட கடைக்காரர் மகனுக்கு இன்று ‘சரிங்க சார்’ சொல்லி சல்யூட் அடிக்க வேண்டும். நீ என்பதிலிருந்து நீங்க என்பதற்கு மாறும் அந்த ஒரு சொல்லில் எத்தனையோ காட்ட முடியும். எல்லோரையும் செந்தமிழ் பேச வைத்தால் அது போய்விடும்.

கறுப்பினச் சிப்பாய்களை விட்டுவிடுவது மன்னிக்க முடியாத பிழை. வடக்கின் தரைப்படையில் சுமார் 1,80,000 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் 1863இலும் அதன் பிறகும் சேர்ந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54ஆவது ரெஜிமென்ட் அந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தது. 1864 ஜூனில்தான் சட்டம் மாறியது. தெற்குச் சிப்பாயை அடிமைமுறை பற்றி எண்ணமே இல்லாத அப்பாவியாக எழுதுவதும் இதே பிழையின் மறுபக்கம். பிரிந்துபோன மாநிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வெள்ளைக் குடும்பம் அடிமைகளை வைத்திருந்தது.

சின்னச் சறுக்கல்கள் சில: இரவில் ஊதும் ‘டாப்ஸ்’ மெட்டு 1862 ஜூலையில்தான் வந்தது, 1861 முகாமில் அது கேட்காது. டைனமைட்டும் முள்கம்பி வேலியும் போருக்குப் பின்பு வந்தவை. கழுத்தில் அடையாளத் தகடு கிடையாது, தாக்குதலுக்கு முன் பெயரைக் காகிதத்தில் எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள் உண்டு.

கடிதங்களுக்கு ஒழுங்கான தணிக்கை இல்லை. ஊர்ப்பெயர், தோல்வி, கேப்டன்மேல் கோபம் எல்லாவற்றையும் அவன் வெளிப்படையாக எழுதலாம். வடக்குச் சிப்பாய் உறையில் ‘சிப்பாய் கடிதம்’ என்று குறித்தால் தபால்தலை ஒட்ட வேண்டாம், வீட்டார் 3 சென்ட் கட்டி வாங்கிக்கொள்வார்கள். காகிதம் தீர்ந்தால் எழுதிய பக்கத்தையே திருப்பி, வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதினார்கள். தெற்கில் வந்த கடிதத்தின் உறையையே பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே வீட்டிலிருந்து அவனுக்கு எழுதிய முகவரி இருக்கும்.