தாழ்வான கடற்கரை நகர்களில் வெள்ளத்துக்கு முன்கூட்டித் திட்டமிடுவது எப்படி?

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் 38,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டியிருக்கும். எந்த வாறுகாலும் (மழைநீர் வடிகாலும்) அதைத் தாங்காது. ஆகவே தாமிரபரணியின் கீழ்க்கரையிலும் தூத்துக்குடியின் பள்ளமான தெருக்களிலும் குடியிருப்பவர்கள், தண்ணீர் வந்தால் யார், எப்போது, எந்த வழியாக, எங்கே போவது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில், உங்கள் தெருவுக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் வானத்திலிருந்து விழும் மழை ஒரு பங்குதான். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீரும் வழியில் சேரும் காட்டாற்று நீரும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி, ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயலில் கடல் சேர்கின்றன. மேற்கே சங்கிலித்தொடராக இருக்கும் குளங்களில் ஒன்று உடைந்தால், அதன் நீர் முழுவதும் அடுத்த குளத்தின் கரையைத்தான் மோதும். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் பாய்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எனவே மழை விட்டுவிட்டது என்பதை ஆபத்து நீங்கியதற்கான அடையாளமாகக் கொள்ளக் கூடாது. மேற்கே பெய்தது பல மணி நேரம் கழித்தும் வந்து சேரும். கடல் ஏற்றமாக இருக்கும் வேளையில், அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஓடைகளின் வாயில் நீர் வடியாமல் எதிர்த்து நிற்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் தெருவிலுள்ள வயதானவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து, 1992 வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, சுவரிலோ மின்கம்பத்திலோ பெயின்டால் கோடு போட்டுவையுங்கள். அதற்கு வெகு கீழே, கணுக்கால் உயரத்தில், இன்னொரு கோடு வேண்டும். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுவதற்குள் முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோர் வெளியேறியிருக்க வேண்டும். பிரசவ நாள் நெருங்கியவர்களை, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்கு அருகிலுள்ள மேட்டுப்பகுதி உறவினர் வீட்டில் தங்கவைப்பது நல்லது. ஓடும் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். முழங்காலளவு நீரில் காரே மிதக்கும். இரவில் தண்ணீருக்குள் இறங்குவதைவிட மாலை வெளிச்சத்திலேயே கிளம்புவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

மாடி இல்லாத வீட்டாருக்கு எந்த மாடி என்பதையும் இப்போதே பேசி முடிக்க வேண்டும். “ஆச்சி, மழை வலுத்தா யோசிக்காம எங்க மாடிக்கு வந்துருங்க” என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால், அந்த நேரத்தில் தயக்கத்தால் ஓர் உயிர் போகாது. அரசின் நிவாரண முகாம் எது, அதற்குப் போகும் வழியில் பாலமோ சுரங்கப்பாதையோ குறுக்கிடுகிறதா என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள்.

அந்த 2023 வெள்ளத்தில் பல இடங்களில் மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் நாட்கணக்கில் இல்லை. கைப்பேசியை மட்டும் நம்பிய திட்டம் திட்டமே ஆகாது. மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070, ஆம்புலன்ஸ் 108 ஆகியவற்றோடு உறவினர் எண்களையும் தாளில் எழுதிவையுங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒருவரைப் பொதுத் தொடர்பாளராகக் குறித்து, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் குடும்பத்தார் அனைவரும் அவருக்கே தகவல் சொல்வது என்று பேசிக்கொள்ளுங்கள். பட்டா, பத்திரம், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நெகிழிப் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் வளையம் போட்டு, அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக இட்டுக் கட்டினால் நீர் புகாது. அதனுடன் மருந்துகள், டார்ச், விசில், ஓஆர்எஸ், அவல், பொரிகடலை, பால் பவுடர் இருக்கட்டும். குடிநீரைச் சுத்தமான குடங்களில் பிடித்து மேலே வையுங்கள். நிலத்தடித் தொட்டியில் கழிவுநீர் கலந்துவிடும் என்பதால் மேல்தொட்டியை முன்பே நிரப்பிவிட வேண்டும்.

கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஏற்கெனவே அதைத் தொட்டிருந்தால் கை வைக்காதீர்கள். கேஸ் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டர் மிதந்து போகாதபடி கட்டுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை உயரத்துக்கு மாற்றுங்கள். கழிப்பறைக் கோப்பையில் மணல் நிரப்பிய பையை அழுத்திவைத்தால் கழிவுநீர் எதிர்த்து ஏறுவது குறையும். ஆடு, மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். முடியாதபோது கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் கூட்டிப்பெருக்கத் தொடங்குவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற தடமும் சேதமான பொருட்களும் தெரியும்படி படம் எடுங்கள். நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் அது தேவைப்படும். தண்ணீர் புகுந்த வண்டியை மெக்கானிக் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் காலமாகையால் சேற்றில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். கிணற்று நீரை இறைத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் இட்ட பிறகும், சில நாட்களுக்குக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.