சிப்பிக் காளான்: முதல் முறை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டளவில் சிப்பிக் காளான் வளர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் கெட்டுப்போன பைகளைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம், நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள் வரிசைகூட மாறாமல் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். கையைக் கழுவ வேண்டும், அறையைக் கூட்டிப் பெருக்க வேண்டும், எலி புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். முதல் முறையிலேயே போட்ட பணத்தையும் இருந்த ஆர்வத்தையும் ஒருசேர அழித்துவிடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன். அவற்றிலும் முதலாவதற்கு அதிக இடம் தந்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

வைக்கோலைக் கடிகாரம் பார்த்து உலர்த்துவது

வைக்கோலை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்திப் பையில் நிரப்ப வேண்டும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. எவ்வளவு நேரம் உலர்த்துவது என்ற இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது. கைபேசியில் பார்த்த காணொளியில் ஒருவர் ‘ஒரு மணி நேரம்’ என்று சொல்லியிருப்பார். அது அவருடைய ஊரில், அவர் படம் எடுத்த நாளின் வெயிலில் சரியாக இருந்திருக்கும். சித்திரை மாதத்துச் சேலத்தில் அரை மணி நேரத்திலேயே மேல்வைக்கோல் சருகுபோல் ஆகிவிடும். ஐப்பசியில், மூடுபனி சன்னல் வழியே வீட்டுக்குள் வரும் ஏற்காட்டில், மதியம் பரப்பிய வைக்கோல் விளக்கு வைக்கும் நேரத்திலும் சொதசொதவென்றே இருக்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலைவழித் தொலைவு முப்பது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் உயரம் 1,200 மீட்டருக்கு மேல் வேறுபடுகிறது. இங்கே சரியாக வந்த நேரக்கணக்கு அங்கே செல்லாது.

சேலம் அம்மாபேட்டையில் மாடி அறையில் நல்ல விளைச்சல் எடுத்த ஒரு பெண்மணி, ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் குடியிருக்கும் தன் தங்கைக்குக் கற்றுக்கொடுக்கப் போனார். வித்து, அதாவது காளான் இழை ஓடிய சோள மணிகள், அவருக்கு வழக்கமாகக் கொடுப்பவரிடமே வாங்கியது. வைக்கோல் கீழிருந்து ஏற்றிச் சென்ற நல்ல வைக்கோல். கட்டிய பைகள் அனைத்தும் பத்து நாளில் புளித்துவிட்டன. என்னை அழைத்து, “ஒரு மணி நேரம் கரெக்டா காயப்போட்டோமுங்கக்கா, வித்துதான் மோசம் பண்ணிருச்சு” என்றார். ஒரு பையைக் கீழே கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். மேற்பாதி பஞ்சுபோல் வெளுத்திருந்தது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை தெரிந்தது. பையின் மூலையில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. மேலே அவ்வளவு செழிப்பாக ஓடிய வித்து, அடியில் மட்டும் மோசம் செய்யுமா?

நடப்பது இதுதான். காளானின் வெள்ளைப் பூசண இழைக்கு உயிர்வளி வேண்டும். வைக்கோல் துண்டுகளுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் அந்தக் காற்று இருக்கிறது. ஈரம் மிகுந்தால் நீர் மெல்லக் கீழே இறங்கி அந்தச் சந்துகளை அடைத்துக்கொள்கிறது. இழை அவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகிப் புளிப்பு வாடையைக் கிளப்புகின்றன. அந்த வாடைக்குச் சிறு ஈக்கள் வந்து முட்டையிட, அவற்றின் புழுக்கள் நன்றாக ஓடியிருந்த மேற்பாதி இழையையும் தின்றுவிடுகின்றன. ஒரே நாளில் உலர்த்திய வைக்கோல் என்பதால் ஒரு பையோடு நிற்பதில்லை, கட்டிய அத்தனையும் போய்விடும். அதன் பிறகு வித்து கொடுத்தவரைக் குறை சொல்லிவிட்டு, வேறோர் இடத்தில் வித்து வாங்கி, அதே ஈர வைக்கோலில் மறுபடியும் போடுகிறார்கள். என்னால் பொறுக்க முடியாதது இந்த இரண்டாவது சுற்றுதான்.

தேவையான ஈரம் 65 விழுக்காடு. அதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். குவியலின் மேலிருந்து எடுக்காமல் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, முழுப் பலத்தோடு பிழியுங்கள். விரலிடுக்கில் சொட்டு நீரும் இறங்கக் கூடாது. ஆனால் கையை விரித்தால் உள்ளங்கை ஈரமாகத் தெரிய வேண்டும். அடுத்து, கணு உள்ள ஒரு துண்டைத் தேடி எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அந்தக் கணுவை அழுத்துங்கள். வைக்கோல் தண்டு உலர்ந்த பின்னும் கணுவிலும் அதைச் சுற்றிய உறையிலும் நீர் ஒளிந்திருக்கும். நகத்தடியில் முத்துப்போல் நீர் திரண்டால் இன்னும் பொறுக்க வேண்டும்.

இதிலும் ஐயம் இருந்தால் தராசு இருக்கிறது. காய்ந்த வைக்கோலிலேயே பத்து விழுக்காடு அளவுக்கு ஈரம் உண்டு என்பதால், 1 கிலோ வைக்கோல் ஊறி, வெந்து, உலர்ந்த பின் ஏறத்தாழ 2.6 கிலோ எடையில் நின்றால் அது சரியான பதம். 3 கிலோ நின்றால் ஈரம் 70 விழுக்காடு என்று பொருள். அன்று பை கட்டாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கைப்பிடிச் சோதனையைவிட இதையே நான் வற்புறுத்துகிறேன், ஏனென்றால் பிடியின் பலம் ஆளுக்கு ஆள் மாறும்.

மலைமேல் இருப்பவர்கள் வெந்த வைக்கோலைச் சுத்தமான சாக்கில் கட்டித் தொங்கவிட்டு, நீர் முழுவதும் வடிந்த பிறகு மெல்லிய அடுக்காகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். காயவில்லையே என்று இரவு முழுவதும் திறந்து போட்டுவைப்பதும் தவறு. வேகவைத்துக் கொன்ற பூசணங்கள் காற்றோடு திரும்பி வர அந்த ஓர் இரவு போதும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான ஆபத்து உண்டு. பரப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் மேலடுக்கு முறுகிவிடும். அப்படி ஆனால் கொதித்து ஆறிய நீரைச் சிறிது தெளித்துக் கிளறி, மறுபடியும் சோதியுங்கள். இரண்டு ஊர்களிலும், சூடு முற்றிலும் ஆறிய பிறகே வித்தைப் போட வேண்டும்.

பழைய வைக்கோல்

மழையில் நனைந்து கறுத்த வைக்கோலைத் தொடவே வேண்டாம்.

வித்தைப் பார்க்காமல் வாங்குவது

வித்தின்மேல் வீண்பழி விழுகிறது என்று சொன்னதால், எல்லா வித்தும் நல்லது என்று பொருளாகாது. பையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சோள மணிகள் அனைத்தும் வெள்ளை இழையால் போர்த்தப்பட்டிருக்க வேண்டும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும், அடியில் மஞ்சள் நீர் நின்றாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 300 கிராம் வித்துப் பையில் இரண்டு படுக்கைகள் (வைக்கோல் நிரப்பிக் கட்டும் பைகள்) போடலாம். சிக்கனம் பார்த்து அதை நான்காகப் பிரித்தால், இழை ஓடி முடிப்பதற்குள் வேறு பூசணம் முந்திக்கொள்ளும். வாங்கிய வித்தை வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டுக் கடைவீதியில் சுற்றாதீர்கள். அந்தச் சூட்டில் இழை சோர்ந்துவிடும். வெளியே வெள்ளையாகவே தெரிவதால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

நாட்களை எண்ணிப் பையைக் கிழிப்பது

பதினைந்து முதல் இருபது நாளில் இழை பரவிவிடும் என்பது 25 முதல் 30 டிகிரி வெப்பம் உள்ள அறைக்கான கணக்கு. மார்கழியில் ஏற்காட்டு வீடுகளில் அந்தச் சூடு இருப்பதில்லை. இன்னும் பல நாள் பிடிக்கும். தேதி வந்துவிட்டது என்று, காளான் வெளிவருவதற்காகப் பாதி வெளுத்த பையைக் கிழிப்பவர்கள் மீதிப் பாதியைப் பச்சைப் பூசணத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அடிமுதல் மேல்வரை வெளுத்து, அழுத்தினால் கெட்டியான கட்டியாக நிற்கும் வரை பொறுங்கள். அந்த நாட்களில் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். இழை வளரும்போது வெப்பத்தை வெளியிடுவதால் பையின் உட்புறம் அறையைவிடச் சூடாக இருக்கும். அடுக்கினால் நடுப்பைகள் வெந்துவிடும்.

காளானுக்கு இருட்டு வேண்டும் என்று நம்புவது

இந்த நம்பிக்கையால் படிக்கட்டின் அடியிலும் பயன்படாத குளியலறையிலும் பைகளைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணியைச் செருகி மூடிவைப்பவர்கள் பலர். இழை பரவும் பருவத்தில் வெளிச்சம் தேவையில்லை என்பது மெய்தான். ஆனால் பையைக் கிழித்த பிறகு செய்தித்தாள் படிக்கும் அளவுக்காவது வெளிச்சம் வேண்டும்; அதைவிட முக்கியமாகக் காற்று மாற வேண்டும். காளான் நம்மைப்போலவே உயிர்வளியை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. மூடிய அறையில் அந்த வாயு சேரச் சேர, தண்டு விரல் நீளத்துக்கு நீண்டு, குடை சட்டைப் பொத்தான் அளவிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட கொத்தைக் கண்டால் உரம் போதவில்லை என்று நினைக்காமல் சன்னலைத் திறந்துவிடுங்கள். திறந்தால் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடுமே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு ஈரச் சணல் சாக்கைச் சன்னலில் கட்டி, தரையில் மணல் பரப்பி நனைத்துவைப்பதுதான் வழி. அறையை அடைப்பது வழியன்று. சன்னலுக்குக் கொசுவலை அவசியம்.

மொட்டின்மேல் தண்ணீர் ஊற்றுவது

சுவரையும் தரையையும் நனையுங்கள். கிழித்த பைக்குக் கைத்தெளிப்பானால் பனிபோல் தெளித்தால் போதும்; குண்டூசித் தலை அளவு மொட்டில் நீர் நின்றால் அது மஞ்சளாகி அழுகிவிடும்.

பச்சைப் பூசணம் பிடித்த பை

வீட்டுக்குள் பிரிக்காதீர்கள். கட்டியபடியே வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

கோடையில் தொடங்குவது

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் சேலத்தில் பலர் ஏப்ரல், மே மாதங்களில்தான் தொடங்குகிறார்கள். கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுவதும் அறைக்குள் இறக்குவதால், எவ்வளவு தெளித்தாலும், பையைக் கிழித்த பிறகு சிப்பிக் காளானுக்கு வேண்டிய 23 முதல் 25 டிகிரிக்கு அந்த அறை வராது. ஆடி மழைக்குப் பிறகு தொடங்கினால் மாசி வரை நிம்மதியாக எடுக்கலாம். கோடையில்தான் செய்ய வேண்டும் என்றால், 30 டிகிரிக்கு மேலும் நன்றாக வரும் பால் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.பி.கே. 2 என்ற ரகம் நம் சமவெளிக்கு ஏற்றது. அதற்குப் படுக்கையின்மேல் மண் போடும் வேலை கூடுதலாக உண்டு. எனவே பயிற்சி எடுத்துக்கொண்டு செய்வது நல்லது. சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி நாட்களைக் கேட்டறியலாம்.

அறுவடையைத் தள்ளிப்போடுவது

மொட்டு வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, குடையின் ஓரம் உள்நோக்கிச் சற்று வளைந்திருக்கும்போதே, தெளிப்பதற்கு முன்பு கொத்தோடு திருகி எடுத்துவிட வேண்டும். இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டால் ஓரம் நிமிர்ந்து மெலிந்து, எடையும் சுவையும் குறையும். அத்துடன், காளான் இனம்பெருக்க உதிர்க்கும் மாவுபோன்ற சிதல்தூள் பறக்கத் தொடங்கும். நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர்களுக்கு இருமலும் மூச்சிறைப்பும் வருவதுண்டு. பறிக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், இடம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் படுக்கையறையை ஒட்டிய அறையில் பைகளைத் தொங்கவிடாதீர்கள்.