ஸீ, லுக், வாட்ச்: ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி?

ஆங்கிலம்–தமிழ் அகராதியைப் புரட்டினால் 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' மூன்றுக்கும் 'பார்' என்றுதான் இருக்கும். 'ஸே', 'டெல்' இரண்டுக்கும் 'சொல்'. அதை மட்டும் நம்பி வாக்கியம் அமைத்தால் இடறும். இப்படிப்பட்ட சொற்களை நீங்களாகவே பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கைப்பேசியும் ஒரு நோட்டும் போதும்.

படி 1: ஒரு நேரத்தில் ஒரு இணை

இணைச்சொற்களின் நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று அந்தப் பட்டியல் சொல்லாது. பேசும்போதோ எழுதும்போதோ எந்த இரண்டு சொற்களுக்கு நடுவே தயங்கினீர்களோ, அவற்றை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

படி 2: கற்பவர்களுக்கான அகராதியைத் திறங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே 'லேர்னர்ஸ்' அகராதிகளை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதையே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை மனத்தில் வைத்துச் செய்த வேலை என்பதால், ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் அதில் காட்டியிருந்தார்கள். நமக்கு வேண்டியதும் அதுதான்.

படி 3: பின்னால் வருவது ஆளா, பொருளா?

இரண்டு சொற்களுக்கும் அகராதி தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களை நோட்டில் எழுதி, வினைச்சொல்லுக்கு அடுத்து வருவதை அடிக்கோடிடுங்கள். 'டெல்' என்றால் பெரும்பாலும் உடனே ஆள் வருவார்: டெல் மீ, டெல் ஹர். 'ஸே' என்றால் சொன்ன செய்தி வரும். ஆளையும் குறிப்பிட வேண்டுமானால் நடுவில் 'டு' தேவை. 'ஹி டோல்டு டு மீ' என்பது நம்மிடையே மிகவும் பரவிய பிழை. அந்த 'டு'வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். டெல் அ ஸ்டோரி, டெல் அ லை, டெல் த ட்ரூத் ஆகியவற்றில் ஆள் இல்லாமலும் வரும். இவற்றை அப்படியே பழகிக்கொள்ளுங்கள்.

'ராப்', 'ஸ்டீல்' இரண்டும் இதே சோதனையில் பிரிந்துவிடும். பறிகொடுத்த ஆளோ இடமோ வந்தால் ராப். திருடு போன பொருள் வந்தால் ஸ்டீல். வங்கியை ராப் செய்கிறார்கள், அங்கிருந்த பணத்தை ஸ்டீல் செய்கிறார்கள்.

படி 4: தானாக நடந்ததா, நாமாகச் செய்தோமா?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இந்தப் படி எளிது. 'அங்கே மலை தெரிகிறது' என்கிறோம். கண் திறந்திருந்தது, மலை பட்டது. அது ஸீ. 'அந்த மலையைப் பார்' என்றால் கண்ணை அந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறோம். அது லுக், பார்க்கும் பொருள் அடுத்து வந்தால் 'அட்' சேர்த்து 'லுக் அட்' என்று வரும். நகர்கிற, மாறுகிற ஒன்றைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டே இருந்தால் வாட்ச். அதனால்தான் கிரிக்கெட்டுக்கு வாட்ச், புகைப்படத்துக்கு லுக் அட். சினிமா மட்டும் இரண்டு பக்கமும் சேரும்: தியேட்டரில் படம் பார்த்ததை ஸீ என்றும் சொல்லலாம், வாட்ச் என்றும் சொல்லலாம்.

காதுக்கும் இதே கணக்கு. போனில் 'ஹலோ, கேக்குதா?' என்றால் ஹியர். 'நான் சொல்றதைக் கேளு' என்றால் லிசன் டு. 'அவர்கிட்ட கேளு' என்றால் ஆஸ்க். நம்முடைய 'கேள்' ஒன்றே மூன்று வேலையும் பார்க்கிறது.

ஆகவே சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எனக்குத் தெரிகிறது', 'எனக்குக் கேட்கிறது' என்று 'எனக்கு' வந்தால் ஸீ, ஹியர். 'நான் பார்க்கிறேன்', 'நான் கேட்கிறேன்' என்று 'நான்' வந்தால் பெரும்பாலும் லுக், வாட்ச், லிசன். இலக்கண நூல்களின் நீண்ட விளக்கங்களைவிட இந்தச் சிறு சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

படி 5: பேச்சுக்கா, கடிதத்துக்கா?

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. அதனால் ஒரே செயலுக்குப் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றும் பிரெஞ்சு வழி வந்த சொல் ஒன்றும் அருகருகே நின்றுவிட்டன: பிகின் – கமென்ஸ் (தொடங்கு), பை – பர்ச்சேஸ் (வாங்கு). முதல் சொல் வீட்டுப் பேச்சுக்கு, இரண்டாவது அலுவலகத் தாளுக்கு. நண்பரிடம் 'காய்கறி பர்ச்சேஸ் செய்தேன்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் பொருள் தவறாது, தொனி விறைப்பாகிவிடும். அகராதியில் 'ஃபார்மல்' என்ற குறிப்பு இருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள்.

படி 6: பாராட்டா, குறையா?

இங்கே பிழை செய்தால் கேட்பவர் மனம் நோகும் என்பதால் கவனம் தேவை. உடல் மெலிந்தவரை ஸ்லிம் என்றால் பாராட்டு, ஸ்கின்னி என்றால் பெரும்பாலும் குறை. சைல்ட்லைக் என்பது குழந்தையின் வெள்ளை மனத்தைச் சொல்லும். சைல்டிஷ் என்பது சிறுபிள்ளைத்தனத்தைச் சொல்லும். நல்ல பெயரெடுத்தவர் ஃபேமஸ், கெட்ட பெயரெடுத்தவர் நொட்டோரியஸ்.

படி 7: மாற்றிப் போடுங்கள்

கடைசியாக, ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி, சொற்களை இடம் மாற்றுங்கள். வாக்கியம் உடைகிறதா, பொருள் மாறுகிறதா, தொனி மட்டும் மாறுகிறதா என்று பக்கத்தில் குறியுங்கள்.

பயிற்சிக்கு 'பிரிங்', 'டேக்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கொண்டு வா', 'கொண்டு போ' என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே பாதி பிடிபடும். அது முடிந்ததும் 'ஃபெட்ச்' என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போய் எடுத்து, திரும்பிக் கொண்டு வருவது வரை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.