ரீமேப்புக்கு முன்னால் பிரேக்: வீட்டு பார்க்கிங்கிலேயே முடிக்கக்கூடிய வேலை

போலோ ஜி.டி., ஆக்டேவியா ஆர்.எஸ்., அபார்த் புன்டோ என்று வேகமான வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலரின் முதல் செலவு ஈ.சி.யு. ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றுவது), இரண்டாவது எக்ஸாஸ்ட். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போனால் அந்த வரிசை தப்பு என்று தெரிந்துவிடும். 3.717 கி.மீ. நீளம், 12 திருப்பம். நேர்பாதையில் ஏற்றிய வேகத்தை எல்லாம் ஷோரூமில் வந்த பேடும் (சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் கட்டை) மூன்று வருடப் பழைய பிரேக் ஆயிலும்தான் இறக்க வேண்டும். நாலைந்து சுற்றிலேயே பெடல் மாறத் தொடங்கும்.

எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் நாற்றம் வருகிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி ஆழமாகப் போகிறது என்றால் காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. ஆவி சுருங்கும், திரவம் சுருங்காது. உங்கள் கால் கொடுக்கும் அழுத்தம் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. முதலாவதற்குப் பேட் மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு ஆயில். சென்னையில் அதிகம் பார்ப்பது இரண்டாவதுதான், காரணம் நம் ஊர்க் காற்று.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் பிரேக் ஆயில் டேங்க் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அந்த எல்லை 155-க்கு இறங்கலாம். டாட் 5.1-க்கு 260, 180. மேனுவல் இரண்டு வருடம் என்று சொன்னாலும் பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் நிற்கும் வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், முடிந்தால் மழைக்காலம் முடிந்த பிறகு. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 மாதிரி ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி தாங்கும், ஆனால் அதுவும் ஈரம் பிடிக்கும். வருடக்கணக்கில் விட்டுவைப்பவருக்கு அதில் காசு போடுவது வீண். ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) உள்ள வண்டிக்கு மேனுவல் லோ விஸ்காசிட்டி, அதாவது எளிதில் ஓடும், டாட் 4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன். பெயரைப் பார்த்து 5.1-க்குத் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், இரண்டும் கலக்கக் கூடாது.

ஒரு லிட்டர் போதும், அரை லிட்டர் பாட்டிலாக இரண்டு வாங்குங்கள். திறந்த பாட்டிலை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்பதில் பயனில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஆயில், பேட், காப்பர் வாஷர் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கு நல்ல இடம்தான், பிரேக் சாமானுக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். 5 மி.மீ. உள் விட்டமுள்ள தெளிவான ட்யூப் ஒரு மீட்டர் வேண்டும். மீன் தொட்டி ட்யூபில் இறுக்கமாகப் பொருந்துவது இருந்தால் அதுவே போதும், கொளத்தூரில் இல்லாத அளவா? கூடவே பெரிய சிரிஞ்சு, காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர் (வண்டியைப் பொறுத்து 8 முதல் 11 மி.மீ.), அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச், நான்கு ஜாக் ஸ்டாண்ட்.

தரை முக்கியம். ஸ்டில்ட் பார்க்கிங் டைல்ஸில் ஸ்டாண்ட் வழுக்கும், மே மாத வெயிலில் தார்த் தரையில் புதையும். இரண்டு இடத்திலும் 18 மி.மீ. பிளைவுட் துண்டை அடியில் போடுங்கள். வீல் போல்ட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடவே கூடாது.

டேங்கிலுள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி, புதியதை நிரப்புங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) தூரமான சக்கரத்திலிருந்து ஏர் எடுப்பார்கள். நம் வலதுபக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது, பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. ட்யூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டுங்கள்; மறுமுனை, கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்தவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிப்பார். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள், பெடல் இறங்குகிறது, மூடுகிறீர்கள், "விடு" என்று சொன்ன பிறகுதான் அவர் கால் எடுக்க வேண்டும். மூடுவதற்குள் கால் எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் இருக்கும், பெடல் அங்கே இறங்கினால் சீல் கிழியும்.

சக்கரத்துக்குச் சுமார் 200 மி.லி. போகும், நிறம் தெளிந்து குமிழி நிற்கும் வரை விடுங்கள். ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை டேங்கைப் பாருங்கள். மட்டம் மிகவும் இறங்கி ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போனால் ஸ்கேனர் வைத்துப் பம்பை ஓட்டாமல் அது வெளியே வராது, வீட்டில் செய்த மிச்சம் அங்கே போய்விடும். பல வண்டிகளில் கிளட்சும் இதே டேங்கிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது, அதையும் மறக்காதீர்கள். நிப்பிளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். பெயின்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்காதீர்கள். பழைய ஆயில் கால்வாய்க்குப் போகக் கூடாது. பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

கடற்கரைப் பக்க வண்டிகளில் நிப்பிள் உப்புத்துருவில் இறுகியிருக்கும். முந்தின இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டு, மறுநாள் சுற்றிலும் லேசாகத் தட்டி, ஆறுமுக ரிங் ஸ்பேனரால் முயலுங்கள். ஓபன் ஸ்பேனர் போட்டு முனையை உருட்டிவிட்டால் காலிப்பரே மாற்றும் செலவு.

பேட் மாற்றும்போது கைடு பின்னை (காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் கம்பி) கழற்றித் துடைத்து சிலிக்கோன் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை வீங்கவைத்து பின்னைப் பூட்டிவிடும், பிறகு உள்பக்கப் பேட் மட்டும் தேயும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். தெருவுக்கு 3 மி.மீ. பேட் ஓடும், டிராக்குக்கு 5-க்குக் கீழே போகாதீர்கள், மெல்லிய பேட் வெப்பத்தை நேராக ஆயிலுக்குக் கடத்தும். மின் ஹேண்ட்பிரேக் வண்டியில் ஸ்கேனரால் சர்வீஸ் மோடில் போடாமல் பின்சக்கரக் காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் உடையும்.

ஸ்டீல் ஹோஸ், பெரிய காலிப்பர் எல்லாம் பிறகு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கம்பெனி வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது, 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் வரலாம். தேயும் பொருளான பேடையும் ஆயிலையும் தரமானதாகப் போடுவதில் இந்தத் தொல்லை இல்லை.

முடித்ததும் என்ஜினை ஓட்டி ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடியுங்கள். இறங்கினால் எங்கோ கசிகிறது. காம்பவுண்டுக்குள் நடை வேகத்தில் இரண்டு தடவை நிறுத்திப் பாருங்கள். பிறகு புதுப் பேட் டிஸ்க்கில் படிய, அதிகாலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் பின்னால் யாரும் வராதபோது, 80-லிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை வேகத்தைக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். அடுத்த சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஆறவிடுங்கள். சூடாக இருக்கையில் ஹேண்ட்பிரேக் போட்டால் பேட் டிஸ்க்கில் ஒட்டி, பிறகு பிரேக் பிடிக்கும்போது வண்டி நடுங்கும், டிராக்கில் வண்டிகள் நிற்கும் பேடாக்கிலும் அதே விதிதான்: கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். வீல் போல்ட் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர். 50 கி.மீ. ஓடியபின் இன்னொருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.